முதற் சம்பளத்திற்கு முந்திய நாட்கள்

ஒரு சிறு கணக்கைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். ஓர் இளைஞன் திங்களின் முதல் நாளன்று வேலையில் சேர்கிறான். முப்பது நாள் உழைக்கிறான். அவன் உழைப்பின் பயன் அவனை வேலைக்கு அமர்த்தியவருக்கு அன்றன்றே சேர்ந்துவிடுகிறது. அவனுக்குரிய பணமோ திங்கள் முடிந்த பின்னரே வருகிறது. சில இடங்களில் மேலும் ஒரு வாரம் கழிந்து வருகிறது. இந்த இடைக்காலத்தில் கடன் கொடுத்தவர் யார்? கடன் பெற்றவர் யார்?

கேட்டவுடனே, அந்த இளைஞன்தான் கடன்காரன் என்று நமக்குத் தோன்றும். அறை வாடகை பாக்கி. சாப்பாட்டுக் கடையில் பாக்கி. ஊரிலிருந்து வந்தபோது தந்தையார் எங்கோ புரட்டிக் கொடுத்த பணம் ஒரு பாக்கி. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அவனுக்குக் கடன் கொடுத்தவர்களாகவே தோன்றுகிறார்கள். ஆயினும் கணக்கை நேர்மையாக எழுதினால் முதல் வரியில் வேறொன்றையன்றோ எழுத வேண்டும்? முப்பது நாள் உழைப்பைக் கடனாகக் கொடுத்தவன் அவன். அக்கடனுக்கு அவன் வட்டி கேட்கவில்லை. பத்திரம் எழுதி வாங்கவில்லை. கடன் கொடுத்தவன் தலைகுனிந்து நடக்கிறான். கடன் பெற்றவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். இந்த விந்தையைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

காத்திருத்தல் என்பது நம் பொருநையாற்றுப் படுகைக்குப் புதியதன்று. பாபநாசத்து மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றை எட்டு அணைக்கட்டுகள் தடுத்துக் கால்வாய்களில் பிரித்து விடுகின்றன. அந்த நீரில் கார், பிசானம் என்று இரு பூ நெல் விளைகிறது. ஆனி, ஆடியில் வயலில் இறங்கும் கார், புரட்டாசிவாக்கில் அறுவடைக்கு வருகிறது. ஐப்பசி மழையை நம்பி நடும் பிசானம், மாசி, பங்குனியில் களத்துக்கு வருகிறது. நட்டவன் நான்கு திங்கள் காத்திருக்கிறான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவ்வாறு காத்திருப்பவன் நிலத்துக்கு உரியவன். நாற்று நட்ட பெண்ணும், கதிர் அறுத்த ஆளும் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஆகையால் அவர்களுக்கு அன்றைய கூலி அன்று மாலையே அளக்கப்படுவது பழைய வழக்கம். மடியில் கட்டிய கூலி நெல் வீட்டுக்குப் போய், உரலில் விழுந்து, உலையில் ஏறிய பின்னரே அவ்வீட்டில் இரவு உணவு. நான் சிறுவனாக இருந்தபோது சேரன்மாதேவிக்கு அடுத்த எங்கள் சிற்றூரில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அக்காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கூலி குறைவு, அளக்கும் மரக்காலில் வஞ்சம் இருந்ததும் உண்டு, வேலையில்லாத திங்களில் அதே குடும்பம் நிலக்காரரிடமே நெல் கடன் வாங்கி, அறுவடையில் கழித்ததும் உண்டு. ஆனால் உழைத்தவனுடைய அடுப்பு நாளைக்குக் காத்திராது என்ற உண்மையை மட்டும் அந்த வழக்கம் உணர்ந்திருந்தது. இவ்வுண்மையைச் சமயங்களும் உணர்ந்திருக்கின்றன. கூலிக்காரனுடைய கூலியை மறுநாட்காலை வரையில் கையில் வைத்திருக்கலாகாது என்பது யூதர்களின் பழைய நியாயப்பிரமாணம். உழைத்தவனின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இஸ்லாமிய மரபு போற்றும் நபிகள் நாயகத்தின் அறிவுரை. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் வாழும் நம் அண்டை அயலார் இவற்றை நன்கு அறிவர்.

இந்த அன்றாடக் கணக்கு எப்போது மாறிற்று? ஆலைகள் வந்தபோது மாறிற்று. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையைப் பயன்படுத்தி விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலை நிறுவினர். பின்னர்த் தூத்துக்குடியில் கோரல் ஆலை எழுந்தது. அவற்றை அடுத்து மதுரையிலும் அவர்களுடைய ஆலை தோன்றிற்று. வயலில் சூரியனைப் பார்த்து வேலை செய்தவர்கள், இப்போது ஆலைச் சங்கு கேட்டு நடந்தார்கள். மாலையில் நெல்லாக வந்த கூலி, சம்பள நாளில் காசாக வரத் தொடங்கிற்று. காசு நல்லதுதான், அதனைக் கொண்டு எதையும் வாங்கலாம். ஆனால் அது வரும்வரையில் எதைக் கொண்டு வாங்குவது?

இக்கேள்வி எத்துணைக் கூரியது என்பதை 1908-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986-இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. கூலி உயர்வும் வார விடுமுறையும் அத்தொழிலாளரின் முதன்மையான கோரிக்கைகள். கையில் சேமிப்பு இல்லாதவன் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியும்? ஊரார் உதவினர், பலர் உணவுக்கு வழி செய்தனர், சிலர் வேறு வேலை கொடுத்தனர். மார்ச்சுத் திங்களின் முற்பகுதியில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அந்தப் போராட்டம் சம்பளத் தேதியைப் பற்றியதன்று. ஆயினும் ஒரு பாடத்தை அது கற்பித்தது. சம்பளம் வராத நாட்களில் உழைப்பவனைத் தாங்குவது அவன் அக்கம்பக்கத்தாரே என்பதுதான் அப்பாடம்.

சம்பளத் தேதி தனியே ஒரு சட்டப் பிரச்சினை ஆனது அதற்குப் பிறகுதான். பம்பாய் ஆலைகளில் ஒரு திங்களின் சம்பளம் அடுத்த திங்கள் பத்தாம் தேதிக்கும் பதினைந்தாம் தேதிக்கும் இடையில் கிடைப்பது வழக்கமாக இருந்தது. அதாவது, முதல் தேதியில் புதிதாகச் சேர்ந்தவன் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரமும் மளிகைக் கடைக்காரரும் வட்டிக்காரரும் அவனை வளைத்துக்கொள்வார்கள். 1929-இல் விட்லி என்பவர் தலைமையில் அமைந்த அரச ஆணையம் இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை அளித்தது. சம்பளம் தாமதப்படுவதும், அபராதம் என்ற பெயரால் குறைக்கப்படுவதும் அது எடுத்துக்கொண்ட பொருள்களுள் அடங்கும். அதன் பின்னர் 1936-இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் பிறந்தது. சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மிகலாகாது; ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஏழாம் நாளுக்குள்ளும், மற்ற இடங்களில் பத்தாம் நாளுக்குள்ளும் சம்பளம் கொடுத்துவிட வேண்டும்; அதனை வேலை நாளிலேயே கொடுக்க வேண்டும்; அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேற்படலாகாது — இவை அச்சட்டம் வகுத்த எல்லைகள். முதலில் மாதம் 200 ரூபாய்க்குக் குறைந்த சம்பளம் பெறுவோர்க்கே அது பொருந்திற்று.

அதன் இடத்தை இன்று 2019-இல் இயற்றப்பெற்ற ஊதியச் சட்டத்தொகுப்பு பெற்றிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாதச் சம்பளம் ஆயின் அடுத்த திங்கள் ஏழாம் நாளுக்குள். வாரச் சம்பளம் ஆயின் அவ்வாரத்தின் கடைசி வேலை நாளில். நாட்கூலி ஆயின் அன்றைய வேலை முடிந்தவுடன். வேலையை விட்டு விலகினாலோ விலக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாட்களுக்குள். களத்து மேட்டில் மாலைப் பொழுதில் நெல் அளந்த பழைய வழக்கம், சட்டப் புத்தகத்தில் நாட்கூலிக்காரனுக்கு மீண்டும் இடம் பெற்றிருக்கிறது என்று சொல்லலாம். அரசு அலுவலகங்களுக்கு வேறு விதிகள் உண்டு. ஆனால் கருத்து ஒன்றே: சம்பளம் கொடை அன்று, திருப்பித் தர வேண்டிய கடன், கடனுக்குத் தவணை நாள் உண்டு.

நண்பர்களே, சட்டத்தைப் பற்றிப் பேசுவது எளிது. காத்திருப்பவனின் நெஞ்சம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமாயின், என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1967-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் நான் ஆசிரியனாகப் பணியேற்றேன். என்னோடு அதே நாளில் மற்றோர் இளைஞரும் சேர்ந்தார். அவர் கோவிற்பட்டிப் பக்கத்துக் கரிசல் நாட்டுக்காரர். இருவரும் பாளையங்கோட்டையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். எங்கள் நியமனத்துக்குக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் வர வேண்டும். அது வந்த பின்னரே சம்பளம். ஜூன் முடிந்தது, ஜூலை முடிந்தது. பள்ளியில் கேட்டால், "தாள் அலுவலகத்தில் இருக்கிறது" என்பார்கள். அலுவலகத்தில் கேட்டால், "தாள் பள்ளிக்குப் போயிருக்கிறது" என்பார்கள். நாங்கள் பணியேற்றபோது எங்கள் ஊர் வயல்களில் கார் நாற்றாக இருந்தது. அது வளர்ந்தது, பூத்தது, பால் பிடித்தது. எங்கள் தாள் மட்டும் வளரவில்லை.

உணவுக்கு நாங்கள் நாடியது ஒரு மூதாட்டியின் வீடு. நாங்கள் அவரை ஆச்சி என்று அழைப்போம். அவருக்கு எழுதத் தெரியாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அடுக்களைச் சுவரில் ஒரு கரிக்கோடு. அதுவே அவருடைய பற்று நோட்டு. எனக்கு ஒரு பகுதி, என் நண்பருக்கு ஒரு பகுதி. சேரன்மாதேவியிலிருந்து என் தாயார் பேருந்தில் அரிசி கொடுத்தனுப்புவார். ஆச்சி அதனை அளந்து வாங்கிக்கொண்டு என் கோடுகளில் பாதியை அழித்துவிடுவார். என் நண்பரின் ஊரிலோ மழை பெய்தால்தான் வெள்ளாமை. ஆனி, ஆடியில் அங்கிருந்து எதுவும் வராது. அவருடைய கோடுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. ஒவ்வொரு வேளையும் அச்சுவரைப் பார்த்தவாறுதான் அவர் அமர்ந்து உண்ண வேண்டும்.

ஒருநாள் அவருடைய கோடுகள் அனைத்தும் மறைந்திருந்தன. பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஊருக்கும் இருபது ரூபாய் மணியார்டர் செய்ததாகச் சொன்னார். நான் வியந்து கேட்டபோது, உறவினர் ஒருவர் உதவியதாகக் கூறிப் பேச்சை மாற்றினார். உண்மை எனக்குப் பின்னரே தெரிந்தது. அவர் ஒரு வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்கியிருந்தார். மாத வட்டி ரூபாய்க்குப் பத்துக் காசு. முதல் மாத வட்டியான ஐந்து ரூபாயைப் பிடித்துக்கொண்டு 45 ரூபாய்தான் கையில் கொடுத்தார்களாம். ஐம்பது என்று சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார்களாம். அந்த வட்டியைக் கட்ட மற்றொரு கடன். அக்கடனுக்கு வேறு வட்டி. செப்டம்பரில், எங்கள் ஊர்க் கார் நெல் களத்துக்கு வந்த வாரத்தில், மூன்று திங்கள் சம்பளமும் சேர்ந்து வந்தது. நான் அதனைக் கையில் வாங்கி மகிழ்ந்தேன். அவர் கையில் வாங்கினார், மகிழவில்லை. அடுத்த சித்திரை வரையில் அவர் அந்தக் கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

செய்தி அறிந்த ஆச்சி சினந்துகொண்டார். "நான் ஒம்மட்ட கேட்டனா தம்பி? கரிக்கோடு வட்டியா கேட்டுச்சு? சம்பளம் வந்தப் பொறவு தந்தா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?" என்றார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அவரை வருத்தியது பசியன்று; வெட்கம். சுவரில் தெரிந்த கடனுக்கு வெட்கி, ஒருவருக்கும் தெரியாத கடனில் அவர் விழுந்தார். மகன் வாத்தியாராகிவிட்டான், இனி மாதந்தோறும் பணம் வரும் என்று ஊரில் காத்திருந்த பெற்றோரிடம், இன்னும் சம்பளம் வரவில்லை என்று இரண்டு வரி எழுத அவருக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கிய பணத்தையே சம்பளம் போலக் காட்டி அனுப்பினார். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்பினால் செய்த பொய் அது. ஆனால் அந்தப் பொய்க்கும் வட்டி உண்டு.

ஊரில் காத்திருப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். காத்திருத்தல் எப்போதும் இரண்டு முனைகளில் நிகழ்வது. நம் திருநெல்வேலி தந்த பெரும் சிறுகதை ஆசிரியர் புதுமைப்பித்தன் சென்னையில் எழுத்துத் தொழிலில் பாடுபட்ட காலத்தில், அவர் மனைவியார் கமலா அம்மையார் நெடுநாள் திருவனந்தபுரத்தில் இருந்தார். புதுமைப்பித்தன் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வெளிவந்தன. வரவேண்டிய பணம், அனுப்ப வேண்டிய பணம் என்னும் கவலை அக்கடிதங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. கைச்செலவுக்குக் காசில்லாத ஓர் எழுத்தாளனின் ஒருநாள் வாழ்வை அவரே 'ஒருநாள் கழிந்தது' என்னும் கதையாக்கினார். அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் இல்லை என்பதை அவர் மனைவியாரிடம் மறைக்கவில்லை, எழுதினார். பணத்தை அனுப்ப முடியாதவன் உண்மையையாவது அனுப்பலாம்.

வெட்கமும் வட்டியும் சேர்ந்து ஒரு மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற மக்களின் கதை அது. அவர்களை அழைத்துச் சென்ற கங்காணி, வழிச்செலவுக்கும் ஊர்க்கடனுக்கும் முன்பணம் கொடுப்பார். அம்முன்பணம் தோட்டத்தில் அவர்கள் பெயரில் கடனாக நிற்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இன்னாருக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய 'துண்டு' ஒன்று வேண்டும். புதிய தோட்டம் அக்கடனை அடைத்தால்தான் அவர்களுக்கு விடுதலை. முதற் கூலியைக் கண்ணால் காணுமுன்னரே அது செலவழிந்திருக்கும். 1921-இல் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முதற் சம்பளம் வருமுன்னரே அதனை விற்றுவிடுகிறவன், தன் வேலையையும் சேர்த்தே விற்றுவிடுகிறான் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

மாணவ நண்பர்களே, நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் வேலைக்குச் செல்வீர்கள். நாங்குநேரிக்கோ, சென்னைக்கோ, கடல் கடந்தோ செல்வீர்கள். எங்கே சென்றாலும் முதற் சம்பளத்திற்கு முந்திய நாட்கள் உங்களுக்கு வரும். அந்நாட்களுக்காகச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது: பணியேற்கும் நாளிலேயே, சம்பளம் எந்தத் தேதியில் வரும், முதற் சம்பளத்துக்கு எந்தெந்தத் தாள் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது பேராசை ஆகாது. எங்கள் தாள் அலைந்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? மருத்துவச் சான்று ஒன்று இணைக்கப்படவில்லை. அது வேண்டும் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பணியேற்பு அறிக்கை, கல்விச் சான்று, மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு, இவற்றின் பின்னரே சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும். பட்டியல் தயாராகும் நாள் கழிந்து உங்கள் தாள் சென்றால், அது அடுத்த திங்களுக்குக் காத்திருக்கும். ஒருநாள் தாமதம் ஒரு திங்களாக வளர்வது இப்படித்தான்.

இரண்டாவது: வேலையில் சேருமுன் ஒன்றரை மாதச் செலவுக்கு வழி தேடிக்கொள்ளுங்கள். இயலாதாயின் கடன் வாங்குங்கள். ஆனால் யாரிடம் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். கரிக்கோட்டுக் கடன் வேறு; சீட்டு எழுதிய கடன் வேறு. முகம் அறிந்தவரிடம் வாங்கும் கடனில் வெட்கம் மிகுதி, இழப்புக் குறைவு. முகம் அறியாதவரிடம் வாங்கும் கடனில் வெட்கம் இல்லை, இழப்போ மிகுதி. கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்ற கொடுமைகளைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் இயற்றப்பட்டது. இன்று கைப்பேசியில் விரல் தொட்ட அளவில் கடன் தருகிறோம் என்பவர்களும் வந்திருக்கிறார்கள். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும் பழைய வழக்கம் அங்கும் கட்டணம் என்ற பெயரில் வருவதுண்டு. கையில் வரும் தொகையையும் திருப்பித் தரும் தொகையையும் அருகருகே எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது: வேலை தருவதற்கு உங்களிடம் பணம் கேட்பவர் எவராயினும், அவரை நம்பாதீர்கள். நீங்கள் உழைப்பைக் கடனாகக் கொடுக்கப் போகிறவர்கள். அதற்கு மேல் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

நான்காவது: வீட்டாருக்கு உண்மையை எழுதுங்கள். அவர்கள் ஒரு திங்கள் காத்திருப்பார்கள். நான்கு திங்கள் பிசானத்துக்குக் காத்திருந்து பழகியவர்கள் அல்லவா?

இனி, கடைசியாக ஒரு செய்தி. அதனைச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சு நேர்மையற்றதாகிவிடும்.

எத்தனையோ ஆண்டுகள் கழிந்தன. நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியன் ஆனேன். ஓர் இளம் ஆசிரியை புதிதாகப் பணியேற்றிருந்தார். ஒருநாள் காலை, சந்திப்பிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்த நான், சுலோசன முதலியார் பாலத்தின் மீது அவர் நடந்து வருவதைக் கண்டேன். 1843-ஆம் ஆண்டு தம் சொந்தப் பொருளைக் கொண்டு ஒருவர் ஊராருக்காகக் கட்டிக் கொடுத்த பாலம் அது. மறுநாளும் அவர் நடந்து வந்தார். பள்ளியில் அவரிடம், "ஏன் அம்மா, இவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நடந்தால் உடம்புக்கு நல்லது, ஐயா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த விடையை நான் அறிவேன். 1967-இல் பேருந்துக் காசைச் சேமிக்க நடந்தபோது, நானும் அதே விடையைத்தான் சொன்னேன். அறைக்குச் சென்று என் மேசையைத் தேடினேன். விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் அவருடைய பணியேற்பு அறிக்கை இருந்தது. என் கையொப்பத்துக்காகப் பதினோரு நாட்களாக அங்கேயே இருந்தது. எந்த அலுவலகத்தையும் நான் குறை சொல்ல வழியில்லை. தாளை உறங்க வைத்தவன் நானே. ஒரு காலத்தில் எவருடைய மேசையை நினைத்து மனம் நொந்தேனோ, அந்த மேசை இப்போது என்னுடையதாக இருந்தது.

அன்றே கையொப்பமிட்டு, ஆள்வழி அனுப்பினேன். ஆயினும் அம்மாதப் பட்டியல் மூடப்பட்டுவிட்டது. என் பதினோரு நாள் மறதி அவருக்கு முப்பது நாள் ஆயிற்று. அவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அவர் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை. ஆகையால் நாங்கள் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொகையை அவரிடம் கொடுத்தோம். "கடன்தானே, ஐயா? சம்பளம் வந்ததும் தந்துவிடுவேன்" என்றார். "இல்லை அம்மா, நீங்கள் எங்களுக்குக் கொடுத்த கடனில் இது முதல் தவணை" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் நான் சிரிப்பதற்காக அதனைச் சொல்லவில்லை.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்தவரின் தாளை என் மேசையில் மற்றத் தாள்களுக்கு மேல் வைப்பது. அது போகும்வரையில் வேறு தாளில் கையொப்பமிடுவதில்லை. மிகச் சிறிய வழக்கம்தான். ஆயினும், உழைத்தவனுக்கு மாலையில் நெல் அளந்த களத்து மேட்டுக்கும் என் மேசைக்கும் இடையே இருந்த தூரம் அதனால் ஓரளவு குறைந்தது என்று நம்புகிறேன்.

இளைஞர்களே! நீங்களும் ஒருநாள் கையொப்பமிடும் நாற்காலியில் அமர்வீர்கள். அப்போது உங்கள் முன்னால் ஒரு புதியவரின் தாள் வரும். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். நடப்பது உடம்புக்கு நல்லது என்றுதான் சொல்லுவார். நீங்கள் அவரிடம் கடன் பட்டிருக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். தவணை நாள் தவறாதீர்கள். அதற்கு முன்னால், நீங்களே காத்திருக்க நேரும் அந்த முதல் திங்களில், தலை நிமிர்ந்து நடங்கள். கடன் கொடுத்தவன் தலைகுனிய வேண்டியதில்லை.